அரை நாள் வேலையும் 78 நாள் கணக்கும்: சேலத்தில் பகுதி நேர ஆட்களுக்கு இ.எஸ்.ஐ

"பார்ட் டைம் ஆளுக்கு இ.எஸ்.ஐ கிடையாதுங்க." செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் தொடங்கி ஐந்து ரோடு ஜவுளிக்கடை வரைக்கும் முதலாளிகள் இதை உறுதியாகச் சொல்கிறார்கள். வேலைக்கு வருகிறவர்களும் அதை நம்பிக்கொண்டு போகிறார்கள். தொழிலாளிக்கு மருத்துவமும் நோய்க்காலப் பணமும் தரும் அரசுக் காப்பீடுதான் இ.எஸ்.ஐ. அதன் சட்டத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிற அம்மாவும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பில் போட வருகிற கல்லூரிப் பையனும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் கணக்கரும், அந்த இடம் இ.எஸ்.ஐ வரம்புக்குள் இருக்கிறதென்றால், அவர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கையால் இரண்டு பக்கமும் நஷ்டம். முதலாளி ஏதோ மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து நேரத்தைக் குறைக்கிறார். மிச்சம் ஒன்றும் இல்லை. தொழிலாளிக்குச் சேர வேண்டிய நோய்க்காலப் பணம் அவருக்கே தெரியாமல் கைநழுவுகிறது. எப்படி என்று கணக்கோடு பார்ப்போம்.

நேரத்தைக் குறைத்தால் காப்பீட்டுச் செலவு குறையும் என்ற எண்ணம் அமெரிக்காவில் நிஜமாகவே பொருந்துகிறது. அங்கே 2010 மார்ச் 23இல் கையெழுத்தான மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம், 50 முழு நேர ஆட்களோ அதற்கு இணையான ஆட்களோ உள்ள நிறுவனம் தன் முழு நேர ஊழியர்களுக்குக் காப்பீடு தர வேண்டும் என்றது. தரத் தவறினால், அந்த ஊழியர்களில் ஒருவராவது அரசு மானியத்தில் காப்பீடு வாங்கியிருந்தால், அபராதம். முழு நேரம் என்பதற்கு அச்சட்டம் வைத்த கோடு வாரத்துக்குச் சராசரி 30 மணி நேரம். மாதக் கணக்கில் 130 மணி நேரம். 2014இல் வர வேண்டிய இந்தக் கட்டாயம் ஓராண்டு தள்ளிப்போய், பெரிய நிறுவனங்களுக்கு 2015இலும், 50 முதல் 99 பேர் உள்ளவற்றுக்கு 2016இலும் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தில் முதலில் எழுதப்பட்ட அபராதம், ஒரு முழு நேர ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர். முதல் 30 பேரைக் கழித்துக்கொள்ளலாம். இதைப் போட்டுப் பாருங்கள். 49 முழு நேர ஆட்களோடு, காப்பீடே தராத ஒரு கடைக்கு அபராதம் பூஜ்யம். ஐம்பதாவது ஆளைச் சேர்த்த அன்று 20 பேருக்கான 2,000, அதாவது 40,000 டாலர் வந்து நிற்கும். அந்த ஒற்றை ஆளின் சம்பளம் போக இந்தத் தொகை. மணிக்கணக்கிலும் இதே கதைதான். 29 மணி நேரம் உழைப்பவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் கூடினால் ஒரு முழு பிரீமியம். பிரீமியம் என்பது தலைக்கு இவ்வளவு என்ற முழுத் தொகை. 30 மணி நேரம் உழைத்தாலும் 45 மணி நேரம் உழைத்தாலும் அது மாறாது. அதனால் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஆட்களை நிறுத்திவைக்க முதலாளிக்குக் காரணம் இருக்கிறது. ஹவாய் மாநிலத்தில் இதற்கு முன்னோடியாக 1974இலேயே ஒரு சட்டம் உண்டு. அங்கே கோடு வாரத்துக்கு 20 மணி நேரம். அதைப் பற்றி 2011இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வில், கூலியோ மொத்த வேலைவாய்ப்போ கவனிக்கத்தக்க அளவு குறையவில்லை, ஆனால் 20 மணி நேரத்துக்குக் குறைவான வேலைகள் கூடின என்று கண்டார்கள். கோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வளைவு வரும்.

நம் இ.எஸ்.ஐயில் மணி நேரக் கோடு கிடையாது. சந்தா என்பது கொடுத்த கூலியில் ஒரு சதவீதம். 2019 ஜூலை 1 முதல் முதலாளி பங்கு 3.25%, தொழிலாளி பங்கு 0.75%. அதற்கு முன்பு 4.75%, 1.75% என்று இருந்தது, மொத்தம் 6.5% இருந்ததை 4% ஆகக் குறைத்தார்கள். கூலி பாதியானால் சந்தாவும் பாதி. மாதம் 12,000 ரூபாய்க்கு ஒருவரை வைத்தால் முதலாளி பங்கு 390 ரூபாய். அந்த இடத்தில் 6,000 ரூபாய்க்கு இரண்டு அரை நேர ஆட்களை வைத்தால் தலைக்கு 195, இரண்டும் சேர்ந்து அதே 390. நேரத்தை வெட்டியதால் காப்பீட்டில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

அப்படியானால் நம் ஊரில் கோடு எங்கே இருக்கிறது? நான்கு இடங்களில்: பத்து தலை, 78 நாள், 21,000 ரூபாய், தினக்கூலி 176 ரூபாய். இதில் முதல் இரண்டும்தான் பகுதி நேர வேலையை நேராகப் பாதிப்பவை.

பத்து தலைக் கணக்கு. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் இ.எஸ்.ஐக்குள் வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே எண்தான். ஒன்பது பேருக்குத் தலா 12,000 கொடுக்கும் தறிக்கூடம் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. பத்தாவது ஆள் வந்ததும் பத்துப் பேருக்கும் சேர்த்து 3,900 ரூபாய். ஆகவே அந்தப் பத்தாவது ஆளின் உண்மையான மாதச் செலவு 15,900. அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் ஒன்பதோடு நிற்கும் பட்டறைகள் ஏன் இத்தனை என்பதற்குப் பாதி விளக்கம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இங்கேதான் பகுதி நேரம் முதலாளிக்கு எதிராகத் திரும்புகிறது. அமெரிக்கச் சட்டத்தில் பகுதி நேர ஆட்களின் மாத மணி நேரங்களைக் கூட்டி 120ஆல் வகுத்து, வரும் விடையைத்தான் ஆள் கணக்கில் சேர்ப்பார்கள். 60 மணி நேரம் வந்தவர் அரை ஆள். நம் சட்டத்தில் அரை ஆள் கிடையாது. இரண்டு மணி நேரம் வந்தாலும் அவர் ஒரு தலை. ஒன்பது முழு நேர ஆட்கள் உள்ள பட்டறை, ஒருவரை எடுத்துவிட்டு இரண்டு அரை நேர ஆட்களைப் போட்டால் எண்ணிக்கை பத்து. மொத்தக் கூலி அதே 1,08,000. ஆனால் நேற்று வரை பூஜ்யமாக இருந்த இ.எஸ்.ஐ இன்று மாதம் 3,510 ரூபாய்.

தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடைகள் மாட்டிக்கொள்வதும் இப்படித்தான். நிரந்தரமாக எட்டுப் பேர். சீசனுக்கு மூன்று மாணவர்கள், சாயங்காலம் மட்டும், மூன்று வாரத்துக்கு. அது பதினொன்று. தற்காலிகம், அன்றாடக் கூலி, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் எல்லாருமே எண்ணிக்கையில் சேர்த்தி. 21,000க்கு மேல் சம்பளம் வாங்கும் மேனேஜருக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை, ஆனால் அவரும் ஒரு தலைதான். முதலாளியை எண்ண வேண்டாம். தொழிற்பழகுநர் சட்டப்படி முறையாகப் பதிவு செய்த அப்ரன்டிஸை எண்ண வேண்டாம். "டிரெய்னி" என்று வாயால் சொல்லிவிட்டால் அப்ரன்டிஸ் ஆகிவிட மாட்டார். இன்னொன்று: ஒருமுறை வரம்புக்குள் வந்துவிட்டால், பிறகு எண்ணிக்கை ஏழாகக் குறைந்தாலும் வெளியே போக முடியாது.

எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட ஒரே கட்டடத்தில் கணவர் பெயரில் ஒரு நிறுவனம், மனைவி பெயரில் ஒரு நிறுவனம் என்று பிரிப்பது ஊரறிந்த வழக்கம். ஆய்வுக்கு வருபவர் பலகையைப் பார்ப்பதில்லை. மின் இணைப்பு யார் பெயரில், கூலியை எந்தக் கையெழுத்தில் கொடுக்கிறார்கள், இந்த ஷெட் ஆள் அந்த ஷெட் தறியை ஓட்டுகிறாரா, சரக்கு எந்த பில்லில் போகிறது என்று பார்ப்பார். எல்லாம் ஒன்று என்று முடிவானால், இரண்டையும் சேர்த்து ஒரே நிறுவனமாகப் பின்தேதியிட்டுக் கட்டச் சொல்லுவார்கள். அப்போது தொழிலாளி பங்கையும் முதலாளியே கட்ட வேண்டியிருக்கும். அந்தந்த மாதக் கூலியில் பிடிக்காமல் விட்டதைப் பிறகு தொழிலாளியிடம் பிடிக்கச் சட்டம் விடாது. பத்துப் பேர், தலா 12,000, ஓராண்டு என்றால் 14,40,000க்கு 4%, அதாவது 57,600 ரூபாய். அதற்கு மேல் ஆண்டுக்கு 12% வட்டி. அதற்கும் மேல் தாமதத்துக்கான ஈட்டுத்தொகை.

ஒன்பதோடு நிற்பது லாபம் என்பதையும் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். இ.எஸ்.ஐக்குள் இல்லாத இடத்தில் விபத்து நடந்தால் இழப்பீடு முதலாளியின் சொந்தப் பொறுப்பு. மரணத்துக்கான சூத்திரம், மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்குவது. 30 வயதுக்குக் காரணி 207.98. மாதம் 12,000 வாங்கியவர் என்றால் 6,000 பெருக்கல் 207.98, அதாவது 12,47,880 ரூபாய். பகுதி நேர ஆள் என்பதால் இது இல்லாமல் போவதில்லை. கூலிக்கு ஏற்பக் குறையும், அவ்வளவுதான். இ.எஸ்.ஐயில் இருந்தால் இந்தப் பொறுப்பு முழுவதும் இ.எஸ்.ஐ கழகத்துக்குப் போய்விடும். ஒன்பது பேர் இருந்தாலும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால், விருப்பப்பட்டுச் சேரலாம் என்று புதிய தொகுப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மோட்டாரும் பாலிஷ் டிரம்மும் ஓடும் வெள்ளிப் பட்டறைக்கு மாதம் 3,510 ரூபாய் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி 78 நாள். பகுதி நேரத் தொழிலாளிக்கு மிக முக்கியமானதும், மிக அதிகமாகத் தவறு நடப்பதும் இங்கேதான்.

இ.எஸ்.ஐயில் ஆண்டு இரண்டு சந்தாக் காலங்களாகப் பிரிகிறது: ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. முதல் காலத்தில் கட்டியதற்கான பயன் அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. இரண்டாவதில் கட்டியதற்கு ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை. உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரித் தினக்கூலியில் 70% பணமாகக் கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு பயன் காலங்களில் 91 நாள் வரை. அதற்கு நிபந்தனை, உரிய சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா இருக்க வேண்டும். 77 இருந்தால் ஒன்றும் இல்லை. புதிதாகச் சேர்ந்து, முதல் சந்தாக் காலமே குறுகியதாக இருப்பவருக்கு மட்டும் அந்தக் காலத்தின் வேலை நாட்களில் பாதி போதும் என்று ஒரு தளர்வு உண்டு.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முழு நாள் கூலி 480 ரூபாய். ஒருவர் தினம் நாலு மணி நேரம், மாதம் 26 நாள் வருகிறார், நாளுக்கு 240. இன்னொருவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டு மணி நேரம், மாதம் 13 நாள் வருகிறார், நாளுக்கு 480. இருவருக்கும் மாதம் 104 மணி நேரம். இருவருக்கும் 6,240 ரூபாய். இருவருக்கும் முதலாளி பங்கு 203, தொழிலாளி பங்கு 47. பைசா வந்தால் மேல் ரூபாய்க்கு ஏற்றிவிட வேண்டும். முதலாளிக்கு இருவரும் ஒரே செலவு.

ஆறு மாதத்தில் முதல் ஆளுக்கு 156 நாள். இரண்டாமவருக்குச் சரியாக 78. முதல் ஆள் ஆடி நோன்புக்கு ஊருக்குப் போனாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் வராவிட்டாலும் கவலையில்லை. இரண்டாமவர் ஒரே ஒரு நாள் லீவு போட்டால் 77. அதற்குரிய ஆறு மாதப் பயன் காலத்தில் நோய்க்காலப் பணம் இல்லை. ஆறு மாதமாகச் சந்தா மட்டும் பிடித்திருப்பார்கள்.

இதில் மறுபக்கமும் உண்டு. பணம் கணக்கிடும்போது மொத்தக் கூலியைச் சந்தா நாட்களால் வகுப்பதால், முதல் ஆளுக்கு நாளுக்கு 240இல் 70%, அதாவது 168 ரூபாய். இரண்டாமவருக்கு, 78ஐத் தொட்டுவிட்டால், 336. முதல் இரண்டு நாட்கள் காத்திருப்பு நாட்கள் என்பதால் ஏழு நாள் படுத்திருந்தவருக்கு ஐந்து நாளுக்குக் கிடைக்கும்: ஒருவருக்கு 840, இன்னொருவருக்கு 1,680. ஆகவே "தினமும் அரை நாள்" என்பது உறுதி அதிகம், தொகை குறைவு. "ஒன்று விட்டு ஒரு நாள்" என்பது தொகை அதிகம், விளிம்பில் நிற்பது. எனக்குக் கேட்டால், மாதம் 15 நாள் வருமாறு அமைப்பதே நல்லது. ஆறு மாதத்துக்கு 90 வரும். 12 நாள் இடைவெளி இருக்கும். தினக்கூலியும் பெரிதாகக் குறையாது. 104 மணி நேரத்தை 15 நாளில் பிரித்தால் நாளுக்கு ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அன்றாட வேலை முறையில் அது ஒன்றும் பெரிய மாற்றமில்லை.

தவறு நடக்கும் இடத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், அரை நேர ஆளுக்கு எதிரே தினமும் ½ என்று போட்டிருக்கும். மாதக் கடைசியில் கணக்கு எழுதுபவர் அந்த ½களைக் கூட்டுவார்: 26 அரை, 13. இ.எஸ்.ஐ இணையப் போர்ட்டலில் நாட்கள் என்ற கட்டத்தில் 13 என்று அடிப்பார். கூலி 6,240 சரி, சந்தா சரி, சலான் சரி. யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 156 நாள் இருக்க வேண்டிய மனிதருக்கு 78ஆகி, லீவு போட்ட மாதத்தில் அதற்கும் கீழே போய்விடும். அந்தக் கட்டம் கேட்பது கூலி கொடுத்த நாட்களின் எண்ணிக்கை. நாலு மணி நேர வேலைக்கு அமர்த்தப்பட்டவருக்கு அந்த நாலு மணி நேரமே ஒரு நாள் வேலை. முழு நேர ஆள் ஒருநாள் மதியம் போய்விட்டதால் 23½ என்று வந்தால்கூட, போர்ட்டலின் அறிவுறுத்தல்படியே 24 என்று மேலே ஏற்றித்தான் போட வேண்டும், பின்னம் ஏற்காது.

இதைத் தவிர்க்க, வேலை நியமனக் கடிதத்திலேயே "பணி நேரம் தினமும் காலை 9 முதல் மதியம் 1 வரை, ஒரு நாள் கூலி 240 ரூபாய்" என்று எழுதிவிட வேண்டும். நியமனக் கடிதம் எல்லாத் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும் என்பது இப்போது சட்டக் கட்டாயமும்கூட. மஸ்டரில் ½ போடாமல், வந்தால் ஒன்று, வராவிட்டால் கழித்தல் கோடு. நேரத்தைத் தனிப் பத்தியில் குறிக்கலாம்.

பீஸ் ரேட்டில் இதைவிட மோசம். கொலுசுக்கு எடைக்கு இவ்வளவு, தாருக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் இடங்களில் நாள் கணக்கே எழுதுவதில்லை. மாத முடிவில் மொத்தக் கூலியைக் குறைந்தபட்சக் கூலியால் வகுத்து, வந்த எண்ணை நாள் என்று போட்டுவிடுகிறார்கள். வரத்து குறைந்த மாதத்தில் 25 நாள் வந்து உட்கார்ந்தவருக்கு 11 நாள் பதிவாகும். வருகையை வருகையாகவே எழுதுங்கள். கூலியிலிருந்து நாளைக் கண்டுபிடிக்க வேண்டாம். சம்பளத்தோடு கொடுக்கும் விடுமுறையும் கூலி கொடுத்த நாள்தான். தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆண்டுக்கு ஒன்பது விடுமுறை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவை போக ஐந்து பண்டிகை நாட்கள். இவற்றுக்குக் கூலி கொடுத்துவிட்டு நாள் கணக்கில் சேர்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. 77ல் நிற்பவருக்கு மே 1 ஒன்றே போதும்.

மகப்பேற்றுக்குக் கணக்கு இதைவிட இளக்கம்: முந்தைய இரண்டு சந்தாக் காலங்களிலும் சேர்த்து 70 நாள். 26 வாரத்துக்கு முழுச் சராசரிக் கூலி, கழகமே கொடுக்கும். முதலாளி கையிலிருந்து போவதில்லை. "கல்யாணமான பெண், நாளைக்கு லீவு கேட்பாள்" என்று வேலைக்கு எடுக்கத் தயங்கும் கடைக்காரர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும். வேலையில் நடக்கும் விபத்துக்கு நாள் கணக்கே கிடையாது. முதல் நாளே அடிபட்டாலும் கூலியில் 90% கிடைக்கும். ஆனால் அந்த முதல் நாளில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். "ஒரு மாசம் பார்ப்போம், நிற்கிற ஆளா என்று" எனத் தள்ளிப்போட்டு, விபத்துக்கு மறுநாள் பதிவு செய்தால், பதிவு நேரமும் விபத்து நேரமும் காகிதத்தில் எதிரெதிரே நிற்கும். சேரும் அன்றே, மிஷினில் கை வைக்கும் முன், ஆதாரை வைத்து எண் எடுத்துவிடுங்கள். அந்த எண் வாழ்நாளுக்கு ஒன்று. பழைய இடத்தில் எண் இருந்தால் அதையே தொடர வேண்டும். புதிதாக இன்னொன்று எடுத்தால் நாட்கள் இரண்டு எண்களில் சிதறி, எதிலும் 78 சேராது. இரண்டு கடைகளில் அரை அரை நாள் பார்ப்பவருக்கு, இரு முதலாளிகளும் அவரவர் கொடுக்கும் கூலிக்கு, அதே எண்ணில் கட்ட வேண்டும்.

மற்ற இரண்டு கோடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 21,000 என்பது 2017 ஜனவரி முதல் உள்ள கூலி உச்சவரம்பு. பகுதி நேர ஆளுக்கு உண்மையில் கொடுக்கும் கூலியைத்தான் பார்க்க வேண்டும். முழு நேரமாக இருந்தால் 30,000 வாங்கியிருப்பார் என்று கற்பனைக் கணக்கு போட்டு விலக்க முடியாது. சந்தாக் காலத்தின் நடுவில் கூலி உயர்ந்து வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை முழுக் கூலிக்கும் கட்ட வேண்டும். 176 என்பது தொழிலாளி பங்குக்கு விலக்கு. சராசரித் தினக்கூலி 176 வரை உள்ளவரிடம் 0.75% பிடிக்கக் கூடாது. முதலாளி தன் 3.25% கட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு 150 ரூபாய் வாங்கும் துப்புரவுத் தொழிலாளி 26 நாள் வந்தால் கூலி 3,900; முதலாளி 127 ரூபாய், அந்த அம்மா ஒன்றும் கட்ட வேண்டாம். பலன்கள் எல்லாம் உண்டு. 127 ரூபாயை மிச்சம் பிடிக்க இவரைப் பட்டியலில் இருந்து விடுவது எனக்குப் பொறுக்காத விஷயம்.

புதிய தொகுப்புச் சட்டத்தில் மாறியிருப்பது கூலி என்பதன் வரையறை. வீட்டு வாடகைப்படி, பயணப்படி, ஓவர்டைம் போன்றவை கூலியில் சேராது. ஆனால் இப்படி விலக்கியவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி கூலியாகவே கொள்ளப்படும். மொத்தம் 24,000, அடிப்படையும் பஞ்சப்படியும் 9,000, வாடகைப்படி 9,000, பயணப்படி 6,000 என்று சீட்டில் பிரித்திருந்தால், விலக்கு 15,000. பாதி 12,000. மிச்ச 3,000 திரும்பச் சேர்ந்து கூலி 12,000 ஆகும். பழைய முறையில் வாடகைப்படியும் கூலிதான். அதனால் முன்பு வரம்புக்கு வெளியே நின்ற சிலர், புதிய வரையறைப்படி கணக்கிட்டால் 21,000க்குள் வருகிறார்கள். சம்பளச் சீட்டை ஒவ்வொரு ஆளுக்கும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அரை நேர ஆள் நாலு மணி நேரத்துக்குப் பதில் ஒருநாள் ஆறு மணி நேரம் நின்றால் அந்தக் கூடுதல் இரண்டு மணி ஓவர்டைம் ஆகாது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால்தான் அது ஓவர்டைம். எனவே அந்தப் பணம் சாதாரணக் கூலியாகவே சந்தாக் கணக்கில் வரும்.

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, இது எதுக்கு?" என்று தொழிலாளர்களே கேட்பார்கள். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு அந்த அட்டை உதவும். அது நல்ல திட்டம்தான். ஆனால் ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடக்கும் நாட்களுக்கு அது கூலி கொடுக்காது. தினக்கூலிக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் அந்த நாட்கள்தான்.

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் "நாங்கள் சீசன் ஃபேக்டரி" என்று சொல்லும் பேச்சுக்கும் ஒரு பதில் வேண்டும். பருவகால ஆலைக்கு இ.எஸ்.ஐ விலக்கு உண்மைதான். ஆனால் அந்த விலக்கு, சட்டம் பெயர் சொல்லும் தொழில்களுக்கு: பருத்தி அரவை, பருத்தி சணல் அழுத்தல், நிலக்கடலை உடைத்தல், காபி, தேயிலை, ரப்பர், சர்க்கரை வெல்லம், அவுரி, அரக்கு. மரவள்ளிக் கிழங்கு வரத்து நின்றால் ஆலை நிற்கிறது என்பதால் மட்டும் ஒருவர் அந்தப் பட்டியலுக்குள் போய்விட முடியாது. களத்தில் மாவு உலர்த்த வரும் பெண்களின் நாட்களும் எழுதப்பட வேண்டியவையே.

பட்டியலில் காபி இருப்பதால் ஏற்காட்டுக்குக் கதை வேறு. காபி பதப்படுத்தும் ஆலை விலக்கில் வருகிறது. எஸ்டேட்டுகளோ இவ்வளவு காலமும் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால் மருத்துவ வசதியைத் தோட்டமே தர வேண்டும் என்ற ஏற்பாட்டில் இருந்தன. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ஒரு புதிய கதவு: தோட்டம் தருவதைவிட இ.எஸ்.ஐ பலன் மேலானதாக இருந்தால், தோட்ட முதலாளி விருப்பம் தெரிவித்து இ.எஸ்.ஐயில் சேரலாம்.

நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் ஒன்று சேர்கிறது என்று வைத்துக்கொண்டு நாள் கணக்கைப் பாருங்கள். காபிப் பழம் பறிப்பு ஏறக்குறைய நவம்பரில் தொடங்கும். பறிப்புக்கு மட்டும் வருபவர் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதம், மாதம் 26 நாள் என்றால் 78. மறுபடியும் அந்த விளிம்பு எண். பொங்கலுக்குக் கீழே இறங்கிப் போய் நாலு நாள் கழித்து வந்தால் போச்சு. பிப்ரவரி, மார்ச்சில் மிளகு பறிப்புக்கு ஒரு பத்து நாள் அதே ஆட்களை அழைத்தால், அக்டோபர்–மார்ச் காலம் பத்திரமாகிவிடும். ஆனால் அதன் பலன் வருவது ஜூலை முதல் டிசம்பர் வரை. பறிப்பு உச்சத்தில் ஜனவரியில் சறுக்கி விழாமல், சளியோ காய்ச்சலோ வந்து படுத்தால், பார்க்கப்படுவது முந்தைய ஏப்ரல்–செப்டம்பர் நாட்கள். அந்த ஆறு மாதத்தில் களையெடுப்பு, கவாத்து, நிழல் மரக்கிளை கழித்தல் என்று வேலை இருக்கும். ஆனால் பறிப்பளவுக்கு ஆள் தேவைப்படாது. இருக்கும் வேலையை இருபது பேருக்கு 40 நாள் வீதம் பங்கு போட்டால் இருபது பேருக்கும் 78 எட்டாது. பத்துப் பேருக்கு 80 நாள் என்றால் பத்துப் பேருக்கு எட்டும், பத்துப் பேருக்கு வேலையே இல்லை. அரை நாளாகப் பிரித்து, இருபது பேரையும் காலை மட்டும் 80 நாள் அழைத்தால் இருபது பேருக்கும் எட்டும், கூலிச் செலவும் அதிகமாகாது. மலையில் காலை வேலை என்பது புதிதும் அல்ல.

சிகிச்சை எங்கே என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். மருந்துக்கும் சான்றிதழுக்கும் ஒவ்வொரு முறையும் கீழே இறங்க வேண்டியிருந்தால், பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போய்விடும். எஸ்டேட் டிஸ்பென்சரியில் இப்போது கிடைப்பதைவிட அது மேலானது என்று சொல்ல முடியாது. விருப்பக் கடிதம் கொடுக்கும் முன் மலையிலேயே மருத்துவருக்கும் மருந்துக்கும் என்ன ஏற்பாடு என்று இ.எஸ்.ஐ கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஸ்டேட் டிஸ்பென்சரியை அதுவரை மூடாதீர்கள்.

கீழே நகரத்தில் இருப்பவர்களுக்குத் தேதிகள் மட்டும். ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள். மார்ச் மாதச் சலானைப் போடும் முன்பும் செப்டம்பர் சலானைப் போடும் முன்பும், ஆறு மாத நாட்களை ஆள்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். 70க்கும் 78க்கும் நடுவில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தால், முதலில் மஸ்டரில் ½ போட்ட நாட்களையும் கூலி கொடுத்த விடுமுறைகளையும் சரிபாருங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால், காலம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே, அடுத்த மாதம் கொடுக்கவிருக்கும் வேலையில் இரண்டு நாளை இந்த மாதத்துக்கு முன்னால் இழுத்துக் கொடுங்கள். ஆகவே இந்தக் கூட்டலை மார்ச் 20க்கும் செப்டம்பர் 20க்கும் செய்துவிட வேண்டும். ஏப்ரல் 14 அன்று போர்ட்டல் முன் உட்காரும்போது செய்தால் ஒன்றும் செய்ய முடியாது.